ஜாம்பிக் கதைகளை வைத்துப் பன்னாட்டு அரசியலைப் படிக்க முடியுமா?

பன்னாட்டு உறவுகள் பாடத்தில் யதார்த்தவாதம், தாராளவாதம், கட்டுமானவாதம் ஆகிய கோட்பாடுகளை, இறந்தும் எழுந்து நடமாடும் பிணங்களைப் பற்றிய ஜாம்பிக் கதைகளைக் கொண்டு விளக்குகிறார்களே, இது மாணவர்களைக் கவர்வதற்கான உத்தி மட்டும்தானா, அல்லது கோட்பாட்டை உள்வாங்க உண்மையிலேயே உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உதவும் என்பதே என் பதில். பாடநூல்கள் பல அத்தியாயங்களில் சொல்லியும் மனத்தில் பதியாத ஒன்றை இந்தக் கதைகள் பதிய வைக்கின்றன: கோட்பாடுகள் ஒன்றோடொன்று முரண்படுவது ஆபத்தைப் பற்றி அல்ல, அந்த ஆபத்தைச் சந்திக்கும் அரசுகள் எப்படிப்பட்டவை என்பதைப் பற்றியே. அதே சமயம், இந்தக் கருவி அரசியலின் ஒரு பெரும் பகுதியை முற்றாக மறைத்தும் விடுகிறது. அந்த மறைப்பையும் சேர்த்துப் படிக்காவிட்டால் பாடம் பாதியிலேயே நின்றுவிடும்.

முதலில் இதன் தோற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். 2009இல் கனடாவின் ஒட்டாவாவைச் சேர்ந்த கணிதவியலாளர்கள் சிலர், தொற்றுநோய்ப் பரவலுக்கான கணித மாதிரிகளை ஜாம்பித் தாக்குதலுக்குப் பொருத்தி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். விரைவான, கடுமையான, மீண்டும் மீண்டும் தொடுக்கப்படும் எதிர்த்தாக்குதல் ஒன்றே மனித இனத்தைக் காப்பாற்றும் என்பது அவர்களது முடிவு. அந்தக் கட்டுரையில் மனிதர்கள் இருந்தார்கள், அரசுகள் இல்லை. எதிர்த்தாக்குதலை யார் தொடுப்பார்கள், எந்த நாடு முந்திக்கொள்ளும், எது ஒதுங்கி நிற்கும் என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃபிளெட்சர் பள்ளியில் பன்னாட்டு அரசியல் கற்பிக்கும் டேனியல் டிரெஸ்னர் இந்த வெற்றிடத்தைக் கவனித்து, அதே ஆண்டில் ஒரு சிறு பதிவு எழுதினார். அது வளர்ந்து 2011இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் நூலாக வந்தது. யதார்த்தவாத அறிஞர் கென்னத் வால்ட்ஸ் 1979இல் எழுதிய, இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்றின் தலைப்போடு ஜாம்பியையும் சேர்த்துத் தன் நூலுக்குப் பெயரிட்டார் டிரெஸ்னர்.

ஏன் ஜாம்பி? இதற்கு எனக்குப் பிடித்த விளக்கம் கல்விக்கூடத்திலிருந்து அல்ல, ராணுவத்திலிருந்து வருகிறது. அமெரிக்காவின் வியூகக் கட்டளையகம் 2011 ஏப்ரலில், இளநிலை அதிகாரிகளுக்குத் திட்டமிடல் பயிற்சி அளிப்பதற்காக 8888 என்ற எண்ணிட்ட ஜாம்பி எதிர்ப்புத் திட்டம் ஒன்றைத் தயாரித்தது. அது 2014இல் வெளியே தெரியவந்தது. துனிசியா, நைஜீரியா போன்ற உண்மை நாடுகளை எதிரியாக வைத்துப் பயிற்சித் திட்டம் எழுதினால், அது மெய்யான போர்த்திட்டம் என்று யாராவது எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால்தான் நடக்கவே வாய்ப்பில்லாத ஓர் எதிரியைத் தேர்ந்தெடுத்ததாக அந்த ஆவணமே கூறுகிறது. வகுப்பறைக்கும் இதே காரணம் பொருந்தும். காஷ்மீரையோ உக்ரைனையோ எடுத்துக்காட்டாக வைத்தால், கோட்பாட்டைப் பரிசோதிப்பதற்கு முன்பே நாம் ஒரு பக்கம் சாய்ந்திருப்போம். ஜாம்பிக்கு ஆதரவாளர் எவரும் இல்லை. ஆபத்து எல்லா நாடுகளுக்கும் ஒன்றாக இருக்கும்போது, நாடுகள் நடந்துகொள்ளும் விதம் வேறுபட்டால் அதற்கான காரணத்தை நாடுகளிடமும் அவற்றுக்கிடையிலான உறவுகளிடமும்தான் தேட வேண்டும்.

யதார்த்தவாதத்திலிருந்து தொடங்கலாம். எல்லா அரசுகளுக்கும் மேலாக ஆணையிடவும் காப்பாற்றவும் வல்ல அதிகாரம் உலகில் இல்லை. ஆகவே ஒவ்வோர் அரசும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். பிறருடைய எண்ணம் எதுவென்று உறுதியாக அறிய முடியாததால் அவர்களது வலிமையையே கணக்கில் கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். இந்தப் பார்வையில் பிணங்கள் எழுந்து நடப்பது உலக அரசியலின் இயல்பை மாற்றுவதில்லை. கொள்ளைநோய்களும் பேரழிவுகளும் வந்துபோனபோதும் அரசுகள் அதிகாரத்துக்காகப் போட்டியிட்டுக்கொண்டுதான் இருந்தன. இன்னொரு பேரழிவு மட்டும் எதற்காக விதிவிலக்காக வேண்டும்? வலிய நாடுகள் தாக்குப்பிடிக்கும், எளிய நாடுகள் விழும் என்பதே டிரெஸ்னர் தரும் யதார்த்தவாதக் கணிப்பு. மெலோஸ் தீவினரிடம் ஏதென்ஸ் நகரத்தார் வலியோர் தம்மால் இயன்றதைச் செய்வார்கள், எளியோர் பட வேண்டியதைப் படுவார்கள் என்று சொன்னதாகப் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதிவைத்ததன் நேரடித் தொடர்ச்சி இது.

மாணவர்கள் இங்கே பெரும்பாலும் ஒரு பிழை செய்கிறார்கள். பொது எதிரி வந்துவிட்டால் எல்லா நாடுகளும் சேர்ந்துகொள்ளும், அதைத்தான், வலிமை ஓரிடத்தில் குவிந்தால் மற்ற நாடுகள் சேர்ந்து அதை ஈடுசெய்யும் என்ற அதிகாரச் சமநிலை வாதம் சொல்கிறது என்று எழுதுகிறார்கள். யதார்த்தவாதம் அப்படிச் சொல்வதில்லை. பொது எதிரி இருந்தாலும், போராட்டத்தின் செலவை யார் ஏற்பது, போராட்டம் முடிந்தபின் யார் யாரைவிட வலிமையோடு எஞ்சுவார்கள் என்ற கணக்கு ஓயாது. அண்டை நாடு எரிந்துகொண்டிருக்கும்போது தன் படைகளை அனுப்பி இழப்பதைவிட, நெருப்பு தன் எல்லைக்கு வராமல் பார்த்துக்கொண்டு காத்திருப்பது ஓர் அரசுக்கு ஆதாயமாகத் தோன்றலாம். 2002இல் வெளிவந்த ‘28 டேஸ் லேட்டர்’ படத்தில் பிரிட்டன் முழுவதும் நோயால் அழிகிறது. வெளியுலகம் அந்தத் தீவைத் தனிமைப்படுத்திவிட்டுத் தன் வாழ்க்கையைத் தொடர்கிறது. கொடூரமான முடிவு அது. ஆனால் யதார்த்தவாதத்தின் கணக்கில் அதில் ஒரு பிழையும் இல்லை.

பன்னாட்டு அமைப்புகளும் விதிகளும் அரசுகளின் ஒத்துழைப்பைச் சாத்தியமாக்கும் என்று வாதிடும் தாராளவாத நிறுவனவாதத்தை விளக்க நான் எப்போதும் எடுத்துக்கொள்வது மாக்ஸ் புரூக்ஸ் 2006இல் எழுதிய ‘வேர்ல்டு வார் இசட்’ நாவலைத்தான். அதே பெயரில் பின்னர் வந்த படத்துக்கும் நாவலுக்கும் ஒற்றுமை மிகக் குறைவு. அரசியல் படிக்க விரும்புவோர் நாவலையே படிக்க வேண்டும். போர் முடிந்தபின் பல நாட்டு மக்களிடமும் அதிகாரிகளிடமும் எடுத்த நேர்காணல்களின் தொகுப்பாக அது எழுதப்பட்டிருக்கிறது. அதில் ஓர் அணுஆயுதப் போர் மூள்கிறது, ஆனால் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையில் அல்ல, ஈரானுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையில். பாகிஸ்தானிலிருந்து வரும் அகதிப் பெருக்கைத் தடுக்க ஈரான் முயல, அது மோதலாக மாறி, இரு தரப்புக்கும் கட்டுக்கடங்காமல் போய்விடுகிறது. அதை விவரிக்கும் ஈரானியக் கதாபாத்திரம் முன்வைக்கும் காரணம் ஆழமானது. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றையொன்று தாக்கும் என்று உலகமே எதிர்பார்த்ததால், அதைத் தடுப்பதற்கான ஏற்பாடுகள் பல ஆண்டுகளாக உருவாகியிருந்தன. ஈரானும் பாகிஸ்தானும் மோதும் என்று யாரும் நினைக்காததால் அவற்றுக்கிடையில் அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை.

நிறுவனவாத அறிஞர் ராபர்ட் கியோஹேன் 1984இல் விரிவாக வாதிட்ட கருத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் புனைவில் பார்த்ததில்லை. நிறுவனங்கள் அரசுகளை நல்லவர்களாக மாற்றுவதில்லை. அவை தகவல் ஓடுவதற்கான வழியைத் திறக்கின்றன, எதிர்த்தரப்பு என்ன செய்யப்போகிறது என்ற ஐயத்தைக் குறைக்கின்றன, வாக்கு மீறினால் தெரிந்துவிடும் என்ற நிலையை உண்டாக்குகின்றன. நாவலில் வரும் இந்த ஏற்பாடுகள் கற்பனையும் அல்ல. இருதரப்பு அணுசக்தி நிலையங்களையும் தாக்குவதில்லை என்ற உடன்பாட்டில் இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பர் 31 அன்று கையெழுத்திட்டன. அதன்படி 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று அந்நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. 1999இன் கார்கில் போரும், அடுத்து 2001-02இல் எல்லையில் படைகள் குவிந்து நின்ற மாதங்களும் அந்த வழக்கத்தை நிறுத்தவில்லை. இரு ராணுவங்களின் நடவடிக்கைத் தலைமை இயக்குநர்களுக்கு இடையிலான நேரடித் தொலைபேசித் தொடர்பும் அப்படியே தொடர்ந்தது; 2025 மே 10 அன்று சண்டை நிறுத்தம் பேசப்பட்டது அந்த அதிகாரிகளுக்கு இடையில்தான். பகைமை குறையாமலேயே ஒத்துழைப்பு இருக்க முடியும் என்பதை ஏற்க மறுக்கும் மாணவரிடம் நாவலின் அந்தப் பகுதியையும் இந்தத் தேதிகளையும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள்.

தாராளவாதத்தின் உண்மையான சோதனை தகவல் பகிர்வில்தான் வருகிறது. தொற்று தோன்றிய நாடு அதை உடனே அறிவித்தால் உலகமே பயன்பெறும். அறிவித்த நாடோ வணிகத்தையும் பயணத்தையும் இழக்கும். ‘வேர்ல்டு வார் இசட்’ நாவலில் சீனா நோயை மறைக்கிறது. தன் நாட்டுக்குள் நடத்தும் தேடுதல் வேட்டையிலிருந்து உலகின் கவனத்தைத் திருப்பத் தைவானோடு ஒரு நெருக்கடியையே உருவாக்குகிறது. 2003இன் சார்ஸ் அனுபவத்துக்குப் பிறகு உலக சுகாதார நிறுவனம் 2005இல் திருத்திய பன்னாட்டுச் சுகாதார விதிமுறைகள், இந்த மறைப்பைத் தவிர்ப்பதற்காகவே அறிவிக்கும் கடமையை அரசுகளின் மீது சுமத்தின. ஆனால் அறிவித்தவர் தண்டிக்கப்படக் கூடாது என்ற மறுபாதி வலுவின்றியே இருக்கிறது. 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்க அறிவியலாளர்கள் கொரோனா வைரஸின் ஒமைக்ரான் வகையைக் கண்டறிந்து மறைக்காமல் அறிவித்தார்கள். அதற்குக் கிடைத்த பதில், சில நாட்களுக்குள் பல நாடுகள் விதித்த பயணத் தடை. இதைப் பார்த்த வேறோர் அரசு அடுத்த முறை என்ன முடிவெடுக்கும் என்பதைக் கணிக்க யதார்த்தவாதியாக இருக்க வேண்டியதில்லை.

இந்தோனேசியாவின் வழக்கு இன்னும் நுட்பமானது. பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்தின் வலையமைப்புக்கு அனுப்பிவந்த அந்த நாடு, அவற்றைக் கொண்டு வெளிநாட்டு நிறுவனங்கள் தயாரிக்கும் தடுப்பூசி தனக்கு எட்டாத விலையில் விற்கப்படும் நிலையைக் கண்டு, 2007இல் மாதிரிகளை அனுப்ப மறுத்தது. தன் மண்ணில் தோன்றிய வைரஸின் மீது தனக்கு இறையாண்மை உண்டு என்று வாதிட்டது. மேலை நாட்டு ஊடகங்களில் பலர் இதைப் பொறுப்பின்மை என்று கண்டித்தார்கள். என் மதிப்பீட்டில் அது பேரத்துக்கான ஒரே கருவியை ஓர் எளிய நாடு பயன்படுத்திய நிகழ்வு. அதன் விளைவாக, மாதிரிகளைத் தருவோர்க்குப் பயனிலும் பங்கு உண்டு என்று ஏற்கும் உடன்பாடு 2011இல் உலக சுகாதாரப் பேரவையில் நிறைவேறியது. ஜாம்பிக் கதைகளில் தடுப்பு மருந்து வந்தவுடன் கதை முடிந்துவிடும். அந்த மருந்து யாருக்கு முதலில், என்ன விலையில், எந்த நிபந்தனையில் என்பதிலிருந்துதான் பன்னாட்டு அரசியல் தொடங்குகிறது. காப்புரிமை விதிகளைக் கோவிட் காலத்துக்கு நிறுத்திவைக்க வேண்டும் என்று 2020 அக்டோபரில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் உலக வணிக அமைப்பில் முன்வைத்த கோரிக்கையும், 2021இல் உள்நாட்டில் தொற்று பெருகியபோது இந்தியாவே தடுப்பூசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும் ஒரே நாட்டின் இரு செயல்கள். இரண்டையும் விளக்க ஒரே கோட்பாடு போதாது.

எதிர் எடுத்துக்காட்டையும் சொல்லியாக வேண்டும். பெரியம்மையை உலகிலிருந்தே ஒழிக்க வேண்டும் என்ற முன்மொழிவைப் பனிப்போர் நடந்துகொண்டிருந்த 1958இல் உலக சுகாதாரப் பேரவையில் வைத்தது சோவியத் ஒன்றியம். 1967இல் தீவிரமாக்கப்பட்ட அந்தத் திட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் டி. ஏ. ஹெண்டர்சன் என்ற அமெரிக்கர். அதற்குத் தடுப்பூசியை ஏராளமாக வழங்கியது சோவியத் ஒன்றியம். 1980இல் நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஒன்றையொன்று அணுகுண்டால் குறிவைத்திருந்த இரு வல்லரசுகள் இதைச் செய்து முடித்தன. பொது ஆபத்து வந்தால் நாடுகள் கட்டாயம் பிளவுபடும் என்று எழுதுவோர் இந்த வரலாற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கட்டுமானவாதத்தைச் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனெனில் அதன் வாதம் நேரானது. அரசுகளின் நலன்களும் பகைகளும் இயற்கையாகக் கிடைத்தவை அல்ல, பழக்கத்தாலும் பகிர்ந்த கருத்துகளாலும் கட்டப்பட்டவை. கட்டுமானவாத அறிஞர் அலெக்சாண்டர் வென்ட் தந்த புகழ்பெற்ற எடுத்துக்காட்டின்படி, பிரிட்டனிடம் உள்ள 500 அணுகுண்டுகளைவிட வடகொரியாவிடம் இருக்கும் 5 குண்டுகள் அமெரிக்காவுக்கு அதிக அச்சம் தருகின்றன; குண்டுகளின் எண்ணிக்கை அல்ல, உறவின் பொருளே அச்சத்தைத் தீர்மானிக்கிறது. 2016இல் வந்த ‘டிரெய்ன் டு புசான்’ என்ற கொரியப் படத்தில், பாதுகாப்பான பெட்டியில் இருப்பவர்கள் வெளியிலிருந்து தப்பிவந்த சக பயணிகளை உள்ளே விட மறுக்கிறார்கள். வந்தவர்களுக்கு நோய் இருந்ததா என்பது அங்கே தீர்மானிக்கும் உண்மை அல்ல. இருக்கிறது என்று ஒருவர் கூவியதும் மற்றவர்கள் அதை ஏற்றுக்கொண்டதுமே தீர்மானிக்கின்றன. ஒன்றை உயிர்போகும் ஆபத்து என்று அறிவிப்பதும் அதை அவையினர் ஏற்பதும் சேர்ந்தே வழக்கமான விதிகளை மீறும் உரிமையைத் தருகின்றன என்று பாதுகாப்பு ஆய்வின் கோபன்ஹேகன் பள்ளியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வாதிடுவது இதைத்தான்.

அரசு என்பது ஒரே மூளையோடு இயங்கும் உடல் அல்ல என்று வாதிடும் அதிகாரவர்க்க அரசியல் கோட்பாட்டைக் கிரஹாம் அலிசன் 1971இல் கியூபா ஏவுகணை நெருக்கடியை வைத்து நிறுவினார். ஒவ்வொரு துறையும் தனக்குப் பழகிய நடைமுறையையே புதிய ஆபத்துக்கும் பயன்படுத்தும் என்பது அதன் ஒரு கூறு. புரூக்ஸின் நாவலில் யாங்கர்ஸ் என்ற இடத்தில் அமெரிக்க ராணுவம் தோற்பது இதனால்தான்: அச்சுறுத்திப் பணியவைக்கவும் வாகனங்களை உடைக்கவும் உருவான ஆயுதங்களை, அச்சமே அறியாத ஒரு கூட்டத்தின் முன் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். பெண்ணியக் கோட்பாட்டைப் பொறுத்தவரை, சிந்தியா என்லோ கேட்டுவந்த கேள்வி போதும்: இந்த உலக அரசியலில் பெண்கள் எங்கே இருக்கிறார்கள்? அரசு சரிந்தபின் யார் காவல் காப்பது, யார் சமைப்பது, யாருடைய பாதுகாப்பு யாருடைய தயவில் என்று ஜாம்பிக் கதைகள் காட்டும் வேலைப் பிரிவினையைக் கவனித்தால் அந்தக் கேள்வியின் தேவை விளங்கும்.

இனி, இந்தக் கருவி எங்கே உடைகிறது என்பதைப் பார்க்க வேண்டும். தேர்வில் மதிப்பெண் கிடைப்பதும் இங்கேதான் என்று நினைக்கிறேன். ஜாம்பிக்கு விருப்பம் இல்லை, அச்சம் இல்லை, குறை இல்லை, கோரிக்கை இல்லை. அதனோடு பேச முடியாது. அதைத் தண்டிப்பேன் என்று மிரட்டவும் முடியாது. தாமஸ் ஷெல்லிங் 1960இல் எழுதியதிலிருந்து வளர்ந்த, எதிரியை அச்சுறுத்தித் தாக்காமல் தடுப்பது பற்றிய கோட்பாடு முழுவதும், எதிரியும் நம்மைப் போல் கணக்கிடுபவன் என்ற அடித்தளத்தின்மேல் நிற்கிறது. அந்த அடித்தளத்தை எடுத்துவிட்டால் ராஜதந்திரம், உடன்படிக்கை, சமரசம் எல்லாம் மனிதர்களுக்கிடையில் மட்டுமே மிஞ்சுகின்றன. எதிரியோடு மிஞ்சுவது அழிப்பு ஒன்றுதான். முன்பு குறிப்பிட்ட 8888 திட்டம் இதை வெளிப்படையாகவே பதிவுசெய்கிறது: ராணுவ நடவடிக்கைகளைக் கட்டுப்படுத்தும் உள்நாட்டு, பன்னாட்டுச் சட்டங்கள் மனித உயிரையும் விலங்குயிரையும் பற்றியவை என்பதால், ஜாம்பிகளுக்கு எதிரான செயல்களுக்கு ஏறக்குறைய எந்தத் தடையும் இல்லை என்கிறது.

கற்பனை எதிரிக்கு இது பொருந்தும். உண்மை மனிதர்களுக்கு இந்தச் சட்டகம் பொருத்தப்படும்போதுதான் எனக்குக் கவலை வருகிறது. அகதிகளை அலையாகவும் பெருவெள்ளமாகவும் படையெடுப்பாகவும் வருணிக்கும் பேச்சை நாம் அன்றாடம் கேட்கிறோம். அந்தப் பேச்சு, முகமும் பெயரும் நோக்கமும் கொண்ட மனிதர்களை ஜாம்பிக் கூட்டமாக மாற்றிக்காட்டுகிறது. எதிரியின் நோக்கத்தை ஆராய வேண்டியதில்லை என்ற வசதியை ஒரு கதை தருகிறது என்றால், அந்த வசதியை வகுப்பறை வாசலிலேயே விட்டுவரக் கற்றுத்தருவதும் ஆசிரியரின் கடமை.

இன்னொரு குறை வரலாறு சார்ந்தது. இந்த வகைப் பாடநூல்களில் இதற்குரிய இடம் கொடுக்கப்படுவதில்லை. ஜாம்பி பிறந்த மண் ஹெயிட்டி. பிரெஞ்சுக் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்கர்களிடையே உருவான நம்பிக்கையில் ஜாம்பி மனித இறைச்சி தின்பதில்லை, நோயைப் பரப்புவதுமில்லை. இறந்தபிறகும் எழுப்பப்பட்டு, தன் விருப்பமின்றி இன்னொருவருக்காக உழைத்துக்கொண்டே இருக்கும் உடல் அது. மரணம்கூட அடிமைத்தனத்திலிருந்து விடுதலை தராது என்பதே அங்கிருந்த அச்சம். 1915 முதல் 1934 வரை அமெரிக்கா ஹெயிட்டியை ஆக்கிரமித்து, மக்களைக் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்திச் சாலைகள் போட்ட காலத்தில்தான், 1929இல் வெளிவந்த ஒரு பயண நூல் வழியாகவும் 1932இன் திரைப்படம் வழியாகவும் இந்த உருவம் அமெரிக்க மக்களுக்கு அறிமுகமானது. 1968இல் ஜார்ஜ் ரொமேரோவின் படம் வந்தபிறகு அது இறைச்சி தின்னும் கூட்டமாக உருமாறியது. அடிமையின் அச்சமாக இருந்த ஒன்று, வீட்டுக்கதவைத் தாழிட்டுக்கொள்வோரின் அச்சமாகிவிட்டது.

அந்த முதல் ஜாம்பியை வைத்துப் பாடம் நடத்தினால் கேள்விகள் மாறுகின்றன. அடிமைகள் புரட்சி செய்து 1804இல் விடுதலை அறிவித்த நாடு ஹெயிட்டி. அதை அமெரிக்கா 1862 வரை அங்கீகரிக்கவில்லை. பிரான்ஸ் 1825இல் போர்க்கப்பல்களை அனுப்பி, அங்கீகாரத்துக்கு விலையாக 15 கோடி ஃபிராங்க் கேட்டது; பறிபோன ‘சொத்துக்கு’ இழப்பீடாம், அந்தச் சொத்தில் விடுதலை பெற்ற மனிதர்களும் அடக்கம். 1838இல் தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டாலும், அதைக் கட்டுவதற்காக வாங்கிய கடன்களும் சேர்ந்து தலைமுறைகளை அழுத்தின. யதார்த்தவாதம் போர்க்கப்பல்களை விளக்கிவிடும். ஒரு நாட்டை இறையாண்மை உள்ளதாக ஏற்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை சிலரிடம் மட்டும் எப்படி வந்தது என்பதைப் காலனி ஆட்சியின் விளைவுகளை ஆராயும் பின்காலனியக் கோட்பாட்டாளர்களைப் படிக்காமல் விளக்க முடியாது. உங்கள் பாடத்திட்டத்தில் அவர்களுக்கு ஒரு வாரம்கூட ஒதுக்கப்படவில்லை என்றால், ஜாம்பி அத்தியாயத்தோடு சேர்த்து ஹெயிட்டியின் வரலாற்றை நீங்களாகவே படித்துவிடுங்கள்.